ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலைகள்: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முக்கூடலில் ஜெராக்ஸ், ஆன்லைன் வேலை பார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். லைசென்ஸ், ஆர்.சி. (வண்டிப் பதிவுச் சான்று) விஷயமாக ஆள் வராத நாளே கிடையாது. ஆள்தான் மாறுகிறார்கள், சந்தேகம் மாறுவதில்லை. ஒரு தாளில் விவரம் இல்லாமல் பஸ் ஏறிப் போய், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும். அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, கீழே பதில் போட்டிருக்கிறேன். கட்டணம் அவ்வப்போது மாறும். பணம் கட்டும் நேரத்தில் திரையில் வரும் தொகைதான் கணக்கு.

1. அண்ணாச்சி, லைசென்ஸ் எடுக்கணும். மொதல்ல எங்க போணும்?

முதலில் பரிவாஹன் இணையதளம். அதில் இரண்டு வாசல் உண்டு: லைசென்ஸ் சம்பந்தப்பட்டது எல்லாம் 'சாரதி', வண்டி சம்பந்தப்பட்டது எல்லாம் 'வாகன்'. உங்களுக்கு சாரதி. வீட்டில் போன் இருந்தால் நீங்களே போடலாம், இல்லையென்றால் பக்கத்து இ-சேவை மையத்தில் போடலாம். முதலில் எடுக்க வேண்டியது எல்.எல்.ஆர்., அதாவது பழகுநர் உரிமம். வயதுக்கும் முகவரிக்கும் சான்று வேண்டும். உடல்நிலை பற்றி நீங்களே உறுதி சொல்லும் படிவம் 1 உண்டு. 40 வயதைத் தாண்டியவர்கள் டாக்டர் கையெழுத்துப் போட்ட படிவம் 1ஏ கொடுக்க வேண்டும்.

மத்திய விதிப்படி ஒவ்வொரு வகை வண்டிக்கும் எல்.எல்.ஆர். கட்டணம் 150 ரூபாய், தேர்வுக்கு 50 ரூபாய். தேர்வு கம்ப்யூட்டரில் நடக்கும், தமிழிலேயே எழுதலாம். நூற்றுக்கு 60 சரியாக இருந்தால் பாஸ். சாலைக் குறியீடுகளை ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனால் போதும். எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். வாங்கி 30 நாள் ஆனபிறகு ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். 6 மாதம் தாண்டிவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.

2. எங்க ஊரு கடையம். தென்காசிக்குப் போணுமா, திருநெல்வேலிக்குப் போணுமா?

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனதிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. கடையம் தென்காசி மாவட்டம், ஆகவே தென்காசி ஆபீஸ். சாரதியில் விண்ணப்பம் போடும்போது பின்கோடு கேட்கும் கட்டம் வரும். அதைப் போட்டால் உங்கள் ஆபீஸ் எது என்று அதுவே காட்டிவிடும்.

சட்டத்தில் 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸை மாநிலத்துக்குள் எந்த ஆபீஸிலும் எடுக்கலாம் என்று இருக்கிறது. ஆனாலும் சொந்த ஆபீஸிலேயே போடுவதுதான் அலைச்சல் குறைவு. நம்பரைப் பார்த்து ஊர் தெரிந்துகொள்ள: டிஎன் 72 திருநெல்வேலி, 76 தென்காசி, 79 சங்கரன்கோவில், 69 தூத்துக்குடி, 92 திருச்செந்தூர், 96 கோவில்பட்டி, 74 நாகர்கோவில்.

3. ஆதார்ல 'இசக்கிமுத்து' ஒரு மாதிரி இருக்கு, டி.சி.ல வேற மாதிரி இருக்கு. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல எனக்கு மனசு வராது. இந்தப் பக்கத்தில் ஆர்.டி.ஓ. வேலை நின்று போவதற்கு நான் கண்ட முதல் காரணம் இதுதான். இசக்கி என்ற பெயரை இங்கிலீஷில் எழுதும்போது ஒருவர் ஈ எழுத்தில் தொடங்குவார், இன்னொருவர் ஐ எழுத்தில் தொடங்குவார். நடுவில் ஒரு எஸ் போடுவாரும் உண்டு, இரண்டு போடுவாரும் உண்டு. சுடலை, பேச்சியம்மாள், உய்க்காட்டான், எல்லாப் பெயருக்கும் இதே கதை. கம்ப்யூட்டருக்கு நம் குலசாமி தெரியாது. ஒரு எழுத்து மாறினால் அதற்கு வேறு ஆள்.

அப்புறம் இனிஷியல். ஒருவருக்கு ஆதாரில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், பத்தாம் வகுப்புச் சான்றில் முன்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக. மூன்றும் அவர்தான், ஆனால் மூன்று பெயர். ஆதார் வழியாக விண்ணப்பித்தால் ஆதாரில் உள்ள பெயர்தான் அப்படியே லைசென்ஸில் ஏறும். அதனால் பள்ளிச் சான்றையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பாருங்கள். மாறியிருந்தால் முதலில் ஆதார் மையத்துக்குப் போய்த் திருத்திவிட்டு வாருங்கள். ஒன்று கவனம்: ஆதாரில் பெயரை இரண்டு தடவைதான் திருத்தலாம், பிறந்த தேதியை ஒரு தடவைதான். அவசரத்தில் தப்பாகத் திருத்திவிடாதீர்கள்.

ஆதாரில் இப்போது கையில் இருக்கும் போன் நம்பர் ஏறியிருக்கிறதா என்பதையும் அதே நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். ஓ.டி.பி. பழைய நம்பருக்குப் போனால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

4. எல்.எல்.ஆர். வந்தாச்சுல்லா, இனி பைக்ல கூட்டாளிய ஏத்திட்டுப் போலாமா?

கூடாது. எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஓட்டும்போது லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் சொல்லிக்கொடுக்கக் கூட இருக்க வேண்டும். பைக்கில் சொல்லிக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக்கூடாது. முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' போட வேண்டும். ஆஸ்பத்திரிக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன் என்று சொன்னாலும் சட்டத்தில் அதற்கு இடம் இல்லை.

5. எட்டு போடும்போது காலை ஊனிட்டா பெயிலா?

ஆமாம். எட்டுக்குள் கால் தரையில் பட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சோதிப்பவர் மோட்டார் வாகன ஆய்வாளர். நம் ஊரில் பெரியவர்கள் இன்னமும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வார்கள்.

என் தங்கச்சி முதல் தடவை போனபோது நானும் கூடப் போயிருந்தேன். வீட்டு வாசலில் நூறு தடவை எட்டு போட்டவள். அங்கே இரண்டு வட்டமும் சேரும் நடு இடத்தில், முன் சக்கரத்தையே குனிந்து பார்த்தாள். வண்டி சாய்ந்தது, இடது செருப்பு மண்ணில் கோடு கிழித்தது. அவ்வளவுதான். அடுத்த தடவைக்கு ஒரே ஒரு விஷயத்தை மாற்றினோம்: சக்கரத்தைப் பார்க்காமல், அடுத்துத் திரும்பப்போகும் வளைவைத் தலை தூக்கிப் பார்க்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை ஒரே சீராக வைத்து, வேகம் கூடினால் பின் பிரேக்கை லேசாகத் தொட வேண்டும். முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி சாயும். இரண்டாம் தடவை ஒரே சுற்றில் முடித்துவிட்டாள். வேப்பமரத்தடியில் சாக்பீஸால் எட்டு வரைந்து பழகுங்கள். வரைந்த கோட்டில் பழகுவதற்கும் சும்மா வளைப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

பெயிலானால் 7 நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று தடவையும் தவறினால் 60 நாள் பொறுக்க வேண்டும். நடுவில் டிரைவிங் ஸ்கூலில் பயிற்சியும் எடுக்க வேண்டும். ஹெல்மெட்டோடு போங்கள். ஓட்டிக்காட்டும் வண்டிக்கு ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் நடப்பில் இருக்க வேண்டும். கைச் சைகை கேட்பார்கள். காருக்கு ரிவர்ஸ் எடுப்பதும், மேட்டில் நிறுத்திப் பின்னால் உருளாமல் எடுப்பதும் முக்கியம்.

6. ஸ்கூட்டி லைசென்ஸ வச்சு கியர் வண்டி ஓட்டலாமா?

முடியாது. கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் எடுத்த லைசென்ஸ் கியர் வண்டிக்குச் செல்லாது. கியர் வண்டிக்கு எடுத்தவர் ஸ்கூட்டியும் ஓட்டலாம். எனவே ஓட்டத் தெரிந்தால் கியர் வண்டியிலேயே தேர்வுக்குப் போங்கள். நிறையப் பெண்பிள்ளைகளுக்கு வீட்டில் இந்த விவரத்தைச் சொல்வதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

7. பையனுக்குப் பதினாறு ஆவுது. டியூசனுக்கு வண்டி குடுக்கலாம்லா?

16 வயதில் லைசென்ஸ் உண்டு என்பது பாதி உண்மை. அது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு, அதுவும் பெற்றோர் சம்மதத்தோடு. இன்றைக்குக் கடையில் விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் எல்லாம் அதற்கு மேலே. வாய்க்கால் கரையில் ஓடும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100கூட கிட்டத்தட்ட 100 சிசி. ஆக, உங்கள் வீட்டு வண்டியை 18 வயதுக்கு முன்னால் அவன் தொடக்கூடாது.

மாட்டினால் பையனோடு முடியாது. வண்டி கொடுத்த பெற்றோருக்கு அல்லது உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 வருடம் வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. டியூசனுக்குப் பஸ்ஸிலோ சைக்கிளிலோ போகட்டும்.

8. புரோக்கர் இல்லாம ஒண்ணும் நடக்காதுன்னு சொல்லுதாவளே, நெசமா?

நடக்கும். என் கடையிலிருந்து பேப்பரைச் சரியாக வைத்துத் தனியாகப் போய் முடித்துவிட்டு வந்தவர்கள் ஏராளம். பீடி சுற்றும் அக்கா ஒருவர், பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர், தன் ஸ்கூட்டி லைசென்ஸைத் தானே எடுத்தார். பணம் ஆன்லைனில் கட்டிவிடுகிறோம், தேர்வு நேரமும் ஆன்லைனிலேயே எடுத்துவிடுகிறோம். புரோக்கருக்கு அங்கே மிச்சமிருப்பது, படிவம் நிரப்புவதும் எந்த ஜன்னலுக்குப் போகணும் என்று காட்டுவதும்தான்.

புரோக்கரிடம் போவதில் எனக்குள்ள பெரிய வருத்தம் காசு மட்டும் கிடையாது. அவர் தன் போன் நம்பரைப் போட்டுவிடுவார். பிறகு உங்கள் லைசென்ஸுக்கும் வண்டிக்கும் வரும் ஓ.டி.பி.யும் அபராதச் செய்தியும் யாரோ ஒருவருக்குப் போகும். நேரமில்லை, முடியவில்லை என்று ஆள் வைத்தாலும் சரி, போன் நம்பர் உங்களுடையதாக இருக்கட்டும். விண்ணப்ப எண் எழுதிய ரசீதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏன் என்பதற்கு 14ஆம் கேள்வியைப் பாருங்கள்.

9. கார்டு எப்ப கைக்கு வரும்? ஆபீஸ்லயே வாங்கிக்கிடலாமா?

2024 பிப்ரவரி கடைசியிலிருந்து லைசென்ஸும் ஆர்.சி.யும் ஸ்பீடு போஸ்டில் வீட்டுக்குத்தான் வருகின்றன. நேரில் கொடுப்பதில்லை. முகவரி சரியில்லை, வீடு பூட்டிக் கிடக்கிறது என்றால் கார்டு ஆபீஸுக்கே திரும்பிவிடும்.

நம் ஊர்களில் பிள்ளையார் கோவில் தெரு, அம்மன் கோவில் தெரு இல்லாத இடம் கிடையாது. புதூர் என்று போட்டால் எந்தப் புதூர்? எனவே கதவு எண், தெரு, ஊர், அஞ்சல் நிலையம், பின்கோடு என்று முழுசாகப் போடுங்கள். பகலில் வயலுக்கோ கம்பெனிக்கோ போகிறவர்கள் தபால்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் நல்லது.

10. கார்டு வர்ற வரைக்கும் போன்ல காட்டுனா போலீஸ் ஒத்துக்கிடுவாவளா?

டிஜிலாக்கரிலோ எம்-பரிவாஹன் செயலியிலோ இருந்தால் அது அசலுக்குச் சமம். 2018இலேயே மத்திய அரசு இதைச் சொல்லிவிட்டது. செயலியைத் திறந்து காட்ட வேண்டும். கேலரியில் உள்ள போட்டோவைக் காட்டினால் செல்லாது.

11. எங்க வீட்டுக்காரவுக சவூதில இருக்காவ. லைசென்ஸ் முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு. என்ன செய்ய?

கடையநல்லூர், மேலப்பாளையம் பக்கமிருந்து அதிகம் வரும் கேள்வி. முடிந்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் புதுப்பித்தால் ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. ஒரு வருடம் தாண்டினால் மறுபடி தேர்வு, மேலே சொன்ன எட்டு உட்பட. ஆகவே அவர் அடுத்த லீவுக்கு எப்போது வருகிறார் என்று இன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் முடிந்த பிறகும் 30 நாள் செல்லும் என்று ஒரு சலுகை இருந்தது. 2019இல் அதை எடுத்துவிட்டார்கள். எனவே ஊருக்கு வந்ததும் புதுப்பிக்கும் வரை அவர் வண்டியைத் தொட வேண்டாம். அந்த இடைவெளியில் ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ் பணம் சிக்கலாகிவிடும். இன்னொரு விஷயம்: முடிவதற்கு ஒரு வருடம் முன்னாலேயே புதுப்பிக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒவ்வொரு லீவிலும் தேதியைப் பார்த்து, அடுத்த லீவுக்குள் முடியும் என்றால் முன்கூட்டியே போட்டுவிட்டுப் போவது நல்லது.

12. எங்க அண்ணனுக்கு அம்பது வயசு வரைக்கும் இருக்கு. எனக்கு ஏன் நாப்பதோட நிக்கு?

உங்கள் அண்ணன் 2019 செப்டம்பருக்கு முன்னால் லைசென்ஸ் எடுத்திருப்பார். அப்போது 20 வருடம் அல்லது 50 வயது வரை கொடுத்தார்கள். இப்போது 30 வயதுக்குள் எடுத்தால் 40 வயது வரை. 30 முதல் 50 வரை உள்ளவர்களுக்கு 10 வருடம். 50 முதல் 55 வரை என்றால் 60 வயது வரை. அதற்கு மேல் 5 வருடம். யாரும் உங்களுக்குக் குறைத்துக் கொடுக்கவில்லை.

13. குட்டியானை வாங்கி வாழைக்காய் லோடு அடிக்கலாம்னு இருக்கேன். பேட்ஜ் வேணுமா? நான் எட்டாவது பாஸ் பண்ணல.

கார் லைசென்ஸ் இருந்தால் போதும். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம், பேட்ஜ் என்று லைசென்ஸில் தனியாக எழுதி வாங்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்புச் சொன்னது. குட்டியானை அந்த எடைக்கு வெகு கீழே. இந்தத் தீர்ப்பு வரும்வரை விபத்து நடந்தால் பேட்ஜ் இல்லை என்று சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனிகள் பணம் தர மறுத்து வழக்காடி வந்தன. சிறு வண்டிக்காரர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

எட்டாம் வகுப்பு என்ற நிபந்தனையை 2019இலேயே நீக்கிவிட்டார்கள். இதைத் தெரியாமல் இன்னமும் வெட்கப்பட்டுக் கேட்காமல் இருப்பவர்கள் உண்டு. லாரி, பஸ் என்றால் சங்கதி வேறு: 20 வயது ஆகியிருக்க வேண்டும், கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும், டிரைவிங் ஸ்கூல் கொடுக்கும் பயிற்சிச் சான்று, அதாவது படிவம் 5 வேண்டும். 5 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்.

14. வண்டிய வித்தாச்சு. ரெண்டு ஃபாரத்துல கையெழுத்தும் போட்டுக் குடுத்தாச்சு. நம்ம பொறுப்பு அவ்வளவுதான?

இந்தப் பக்கத்தில் எனக்கு ரொம்ப முக்கியமானது இந்தக் கேள்விதான். ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருக்கும்வரை சட்டத்தின் கண்ணில் வண்டி உங்களுடையது. 2018இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: பெயர் மாற்றாமல் கைமாறிக் கைமாறிப் போன வண்டி விபத்தில் சிக்கினால், நஷ்டஈட்டுக்குப் பதிவேட்டில் உள்ள உரிமையாளரே பொறுப்பு.

பாப்பாக்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஒரு நாள் காக்கிக் கவரை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு வந்தார். "தம்பி, இதுல என்ன போட்டிருக்குன்னு பாரு" என்றார். விபத்து நஷ்டஈட்டு வழக்கில் நோட்டீஸ். வண்டி நம்பரைப் படித்ததும், "அது நான் வித்து ஆறு வருசம் ஆச்சே" என்றார். வாங்கியவர் பெயர்கூட அவருக்குத் தெரியாது. ஒரு புரோக்கரிடம் எழுதாத படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, பணத்தை எண்ணி வாங்கியிருக்கிறார். வண்டி மூன்று கை மாறியிருந்தது, இன்சூரன்ஸ் யாருமே கட்டவில்லை. அந்தக் கவரை அவர் மறுபடி மடித்தபோது கை நடுங்கியதை என்னால் மறக்க முடியவில்லை.

செய்ய வேண்டியது இது. விற்ற 14 நாளுக்குள் படிவம் 29இல் நீங்கள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் படிவம் 30இல் விண்ணப்பிக்க வேண்டும். வாகன் தளத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து, ஓ.டி.பி. போட்டு, பணம் கட்டிய ரசீதைப் பார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள். வாங்குபவர் ஆதார் நகலும், வண்டியை ஒப்படைத்த தேதியும் மணியும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட தாளும் உங்களிடம் இருக்கட்டும். ஒரு மாதம் கழித்து வாகன் தளத்தில் நம்பரைப் போட்டுப் பெயர் மாறிவிட்டதா என்று பாருங்கள். வாங்கியவர் இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும்.

15. அப்ப ஷோரூம்ல எக்ஸ்சேஞ்சுக்கு விட்ட வண்டி?

அங்கேயும் அதே கவனம் வேண்டும். பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்க வேண்டும் என்று 2023 ஏப்ரலிலிருந்து விதி இருக்கிறது. அங்கீகாரம் உள்ள டீலரிடம் வண்டியை ஒப்படைத்ததைத் தளத்தில் பதிந்துவிட்டால், அன்றிலிருந்து பொறுப்பு அவருடையது. "அங்கீகாரம் இருக்கா, ஆன்லைன்ல ஏத்திட்டீங்களா" என்று கேட்டு, ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள்.

16. டியூ கட்டி முடிச்சு வருசமாச்சு. ஆர்.சி.ல ஃபைனான்ஸ் பேரு இன்னும் கெடக்கே?

தானாகப் போகாது. ஃபைனான்ஸில் கடன் தீர்ந்த சான்றும், அவர்கள் கையெழுத்தும் முத்திரையும் போட்ட படிவம் 35 இரண்டு பிரதியும் வாங்கி, வாகன் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நம் ஆட்கள் எச்.பி. கேன்சல் என்பது இதைத்தான். இதை முடிக்காமல் வண்டியை விற்க முடியாது.

எனக்கே நடந்தது: கொடுத்த சான்றில் சேசிஸ் நம்பரில் 8 இருக்க வேண்டிய இடத்தில் 3 அடித்திருந்தார்கள். வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன். அதைத் திருத்தி வாங்க மூன்று தடவை அலைந்தேன். அவர்கள் கவுண்டரிலேயே நின்று ஆர்.சி.யோடு எண்ணை ஒத்துப் பாருங்கள்.

17. வண்டி எங்க அப்பா பேர்ல இருக்கு. அப்பா தவறிட்டாவ. நான் ஓட்டலாமா?

முதலில் ஆபீஸுக்கு ஒரு கடிதம். இறந்த 30 நாளுக்குள், இன்னார் இறந்துவிட்டார், வண்டியை நான் பயன்படுத்தப்போகிறேன் என்று தெரிவித்தால் மூன்று மாதம் வரை அப்படியே ஓட்டலாம். அந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்று, தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகள் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுப்பது, ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும்.

வாரிசுச் சான்றுக்கு இ-சேவையில் உடனே போட்டுவிடுங்கள், நேரம் பிடிப்பது அதுதான். அதில் அப்பா பெயரும் ஆர்.சி.யில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும், 3ஆம் கேள்வியில் சொன்ன சிக்கல் இங்கேயும் வரும். காரியம் முடியுமுன் பேப்பரைப் பற்றிப் பேசுவது சங்கடம்தான், ஆனால் பதினாறாம் நாளுக்குப் பிறகு தள்ளிப்போட வேண்டாம். அக்கா தங்கச்சிமார் ஊரில் கூடியிருக்கும்போதே கையெழுத்து வாங்கினால், பிறகு மும்பைக்கும் திருப்பூருக்கும் தபால் அனுப்பிக் காத்திருக்க வேண்டாம்.

உயிரோடு இருக்கும்போதே ஆர்.சி.யில் நாமினி சேர்க்கும் வசதி 2021இல் வந்துவிட்டது. ஒரு ஓ.டி.பி. வேலைதான். வீட்டில் பெரியவர்கள் பெயரில் வண்டி இருந்தால் செய்து வையுங்கள்.

18. கேரளா வண்டி சல்லிசா கெடைக்கு. புளியரை வழியா கொண்டு வந்து ஓட்டலாமா?

கொண்டு வரலாம், ஆனால் விலையோடு மற்ற கணக்கையும் போடுங்கள். வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே பதிவு செய்தே ஆக வேண்டும். அதற்கு அந்த ஊர் ஆபீஸின் தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28 வேண்டும். தமிழ்நாட்டில் வண்டியின் வயதுக்கேற்ப ஆயுள் வரி கட்ட வேண்டும். அங்கே மிச்சமிருக்கும் வரியைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் கேட்டு வாங்குவது உங்கள் பாடு.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் வாகன் தளத்தில் நம்பரைப் போட்டு, கடன், அபராதம், இன்சூரன்ஸ் மூன்றையும் பாருங்கள். சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். தேய்க்கும்போது ஏதாவது ஒரு எழுத்து மட்டும் மேடாகவோ சாய்வாகவோ வந்தால் அந்த வண்டி வேண்டாம்.

19. ஐயா காலத்து பைக். பதினஞ்சு வருசம் தாண்டிட்டு. போட்டுத்தான் ஒடைக்கணுமா?

உடைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நல்ல நிலையில் இருந்தால் 5 வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். படிவம் 25, காலாவதிக்கு 60 நாள் முன்னாலிருந்து போடலாம். வண்டியை ஆய்வாளரிடம் காட்ட வேண்டும், பசுமை வரியும் உண்டு. 2022 ஏப்ரலிலிருந்து புதுப்பிக்கும் கட்டணம் பைக்குக்கு 1,000 ரூபாய், காருக்கு 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2025இல் இன்னும் கூட்டிவிட்டார்கள். காலதாமதத்துக்கு மாதக் கணக்கில் தண்டம் ஏறும் என்பதால், வைத்துக்கொள்வதா விற்பதா என்று முன்கூட்டியே வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

20. வாட்ஸப்ல ஆர்.டி.ஓ. சலான்னு ஒரு ஃபைல் வந்திருக்கு. தொறக்கவா?

திறக்காதீர்கள். ஃபைல் பெயரின் கடைசியில் 'ஏபிகே' என்று இருந்தால் அது போனுக்குள் புகுந்து பேங்க் பணத்தை எடுக்கும் திருட்டுச் செயலி. அரசு அபராதச் சீட்டை வாட்ஸப்பில் செயலியாக அனுப்பாது. சந்தேகம் இருந்தால் பரிவாஹனின் இ-சலான் பக்கத்துக்கு நீங்களே போய் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். தெரியாமல் நிறுவிவிட்டால் உடனே நெட்டை அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து பேங்குக்கும் 1930 எண்ணுக்கும் கூப்பிடுங்கள்.

உண்மையான அபராதம் இருந்தால் கட்டிவிடுங்கள். நிலுவை இருந்தால் பெயர் மாற்றம் போன்ற வேலைகள் நின்றுவிடும். விற்ற வண்டிக்கு உங்கள் பெயரில் அபராதம் வருகிறது என்றால், 14ஆம் கேள்விக்குத் திரும்பிப் போங்கள்.

21. லைசென்ஸ் பஸ்ல தொலைஞ்சு போச்சு. ஸ்டேசனுக்குப் போணுமா?

தமிழ்நாடு போலீஸ் இணையதளத்தில் தொலைந்த ஆவணத்துக்கு ஆன்லைனிலேயே பதிந்து அறிக்கை எடுக்கலாம். அதை வைத்து சாரதியில் நகல் கேளுங்கள். ஆர்.சி. தொலைந்தால் வாகன் தளத்தில் படிவம் 26. கையால் எழுதிய ரொம்பப் பழைய லைசென்ஸ் என்றால், அது சாரதியில் ஏறியிருக்கிறதா என்று முதலில் நம்பர் போட்டுப் பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால் அதைக் கொடுத்த ஆபீஸுக்கே போய் ஏற்றச் சொல்ல வேண்டும்.

22. எல்லாம் சரியாத்தான் குடுத்தேன். இருந்தாலும் 'நாளைக்கு வா'ன்னே சொல்லுதாவ. யார்ட்ட சொல்ல?

முதலில் தளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டு எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பல நேரம் ஒரு ஆவணம் மங்கலாக ஏறியதுதான் காரணமாக இருக்கும், மறுபடி ஏற்றினால் சரியாகிவிடும். அப்படியில்லை என்றால், என்ன குறை என்று எழுத்தில் கேளுங்கள். சத்தம் போட வேண்டாம். "ஐயா, என்ன குறைன்னு இதுல எழுதிக் குடுங்க, கொண்டு வந்துடுதேன்" என்று ஒரு தாளை நீட்டினாலே போதும். என்னிடம் வந்தவர்களில் சிலருக்கு அந்த இடத்திலேயே வேலை நடந்திருக்கிறது.

அதற்கும் அசையவில்லை என்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலரை நேரில் பாருங்கள். அடுத்தது 1100 என்ற முதல்வரின் முகவரி எண். விண்ணப்ப எண், தேதி, எந்த நாட்களில் போனீர்கள் என்பதைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். அதற்காகத்தான் ரசீதை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைக்கச் சொல்கிறேன். கவர் இல்லாதவர்கள் கடைக்கு வாருங்கள், நான் தருகிறேன்.